பை வீட்டில், நான் போர்ட் லூயிஸில்

2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. பெலால் புயல் மொரிஷியஸை ஒட்டிக் கடந்துகொண்டிருந்தது. காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். கொஞ்ச நேரத்தில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்து, நிறுத்தியிருந்த கார்களைத் தீப்பெட்டி மாதிரி தள்ளிக்கொண்டு போனது. அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என்னிடம் ஓர் அவசரப் பை இருந்தது. மூன்று ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. டார்ச், ரேடியோ, கயிறு, முதலுதவிப் பெட்டி, டின் மீன், கேபின் பிஸ்கட் என்று எதுவும் குறைவில்லை. அது காத்ர் போர்ன் ஊரில் உள்ள எங்கள் வீட்டில், அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. என் கால்சட்டைப் பையில் இருந்தவை 19 சதவீதம் சார்ஜுடன் ஒரு கைபேசி, வீட்டுச் சாவி, ஒரு ஐம்பது ரூபாய்த் தாள். இரவு தொப்பலாக வந்து சேர்ந்தபோது அம்மா சொன்னது: “பை பத்திரமா இருக்குடா, நீதான் நனைஞ்சு வந்திருக்கே.”

முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதற்குள்ளேயே இருக்கின்றன. ஆபத்து நம்மை வீட்டில்தான் வந்து பார்க்கும் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே பையில், ஒரே இடத்தில் அடைத்துவைப்பது.

பொருள்களை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கச் சொல்வது இதனால்தான். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் தனியாகச் சாப்பிடலாம், சேர்த்தால் முழு விருந்து. முதல் அடுக்கு உடம்போடு இருப்பது. இரண்டாவது, தினமும் தோளில் தொங்கும் பை. மூன்றாவது, பகல் பொழுதைக் கழிக்கும் இடம்: காரோ, அலுவலக மேசை இழுப்பறையோ. நான்காவது வீடு. முதல் அடுக்கின் வேலை உங்களை உயிரோடு இரண்டாவதிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டாவதின் வேலை வீடு வரை கொண்டுவருவது. அவ்வளவுதான். மூன்று நாள் வாழ்க்கையை முதல் அடுக்கிலேயே திணிக்கப் பார்ப்பவர், இரண்டே நாளில் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

என் முதல் அடுக்கு இப்போது மிகச் சிறியது. சாவிக்கொத்தில் ஒரு விசிலும் கட்டைவிரல் அளவு டார்ச்சும். சில்லறைத் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம், ஏனென்றால் மின்சாரம் போனால் கடையில் அட்டை தேய்க்க முடியாது. ஒரு நாளுக்கான மருந்து. அப்புறம், நான்கு தொலைபேசி எண்களை எழுதிய ஒரு காகிதம். கைபேசி செத்துவிட்டால் மனைவியின் எண்ணே எனக்கு மனப்பாடமில்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த அடுக்கு உடை மாற்றினாலும் கூட வர வேண்டும். இதை நமக்குத் தைப்பூசக் காவடி நன்றாகவே கற்றுத்தரும். காவடி ஜனவரி–பிப்ரவரியில் வருகிறது, அதாவது புயல் பருவத்தின் நட்டநடுவில். 2024-இல் பெலால் போய்ப் பத்தாம் நாள் காவடி. வேட்டியில் பாக்கெட் ஏது? காலில் செருப்பும் கிடையாது. காவடி எடுப்பவருக்குத் துணையாக நடப்பவரிடம் ஒரு சின்ன இடுப்புப் பை இருந்தால் போதும். அதில் அவருடைய மருந்து, தண்ணீர், கொஞ்சம் பணம், ஒரு ஜோடி செருப்பு. பெண்களின் உடைகளிலும் பாக்கெட் இருப்பது அபூர்வம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் குடும்பத் தலைவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

மூன்றாவது அடுக்கில் நடக்கும் தவறு வேறு மாதிரி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. பேருந்தில் போகிறவர் அதைப் படித்துவிட்டு அந்த அடுக்கையே விட்டுவிடுகிறார். அலுவலக இழுப்பறையில் ஒரு ஜோடி மூடிய காலணி, ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட். இடம் அடைக்காது, செலவும் இல்லை.

கார் வைத்திருப்பவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு, எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுவிடுவார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பவர் பேங்க் உப்பிப்போகும், தீப்பிடிக்கவும் கூடும். பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். பிளாஸ்திரியின் பசைகூட உருகிவிடும். சாக்லேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காரில் இருக்க வேண்டியவை வெப்பம் தாங்கும் பொருள்கள்: போர்வை, கயிறு, காலணி, ரெயின்கோட். மற்றவை உங்களோடு ஏறி உங்களோடு இறங்கட்டும். இன்னொன்று, பெலாலில் முதலில் போனதே கார்கள்தான்.

அடுத்தது எடை. என் பழைய பையை ஒரு நாள் தராசில் வைத்தேன், 14 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, அம்மாவால் அதை அசைக்கவே முடியவில்லை. பாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. எந்தப் பையும் இதைத் தாங்காது. ஆக, தண்ணீர் வீட்டு அடுக்கின் பொருள், பையில் ஒரு போத்தல் போதும். புயலுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் நின்றுபோவதும், வந்தாலும் கலங்கி வருவதும் நமக்குப் பழக்கம். முன்கூட்டியே வாளி, அண்டா, பானை எல்லாவற்றையும் நிரப்பி மூடிவைப்பதற்கு ஈடாக எந்த விலையுயர்ந்த வடிகட்டியும் இல்லை.

கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்துத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் குடிக்கலாம். எரிபொருள் இல்லையென்றால் ஜாவெல், அதாவது துணி வெளுக்கும் குளோரின் திரவம், இருக்கிறது. வாசனையோ சோப்போ சேராத 5–6 சதவீதத் திரவமாக இருந்தால் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கடையில் கிடைப்பதில் பல இதைவிட நீர்த்தவை, அதனால் போத்தலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அளவைத் தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவையுங்கள். இருட்டில், பதற்றத்தில் யாரும் சதவீதக் கணக்குப் போட மாட்டார்கள்.

பைக்குள் எதை எங்கே வைப்பது என்பதிலும் நாம் தவறுகிறோம். ரெயின்கோட்டை அழகாக மடித்து அடியில் வைப்போம். மழை வந்ததும் அதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டி, எல்லாம் நனைந்த பிறகு அதைப் போட்டுக்கொள்வோம். நனையும்போது, இருட்டும்போது, ரத்தம் வரும்போது தேவைப்படுபவை மேலே இருக்க வேண்டும். சாப்பாடு அடியில் இருக்கட்டும், பசி பத்து நிமிடம் பொறுக்கும். எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு: விளக்கை அணைத்துவிட்டு, “டார்ச்... விசில்... பிளாஸ்திரி” என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. பையன் எண்ணிக்கொண்டிருப்பான், நான் துழாவுவேன். முதல் தடவை பிளாஸ்திரிக்கு நான்கு நிமிடம் ஆனது. காரணம் ஒழுங்கின்மை இல்லை, ஒழுங்கு கூடிப்போனதுதான். பதினோரு சிறு பைகள், எல்லாம் ஒரே கறுப்பு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஜிப். இப்போது மூன்றுதான், மூன்றும் வெவ்வேறு நிறம். பை என்ன விலையாக இருந்தாலும் உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு அதற்குள் அடுக்குங்கள். நம் ஊர் மழைக்கு முன்னால் ‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை.

பேட்டரி விஷயம் எரிச்சலூட்டுவது. என்னிடம் மூன்று டார்ச்சுகள் இருந்தன, மூன்றுக்கும் மூன்று வகை பேட்டரி. ஒன்றின் பேட்டரி இன்னொன்றுக்குப் பொருந்தாது. முடிந்தவரை ரேடியோவும் டார்ச்சுகளும் ஒரே அளவு பேட்டரியில் ஓடும்படி வாங்குங்கள். அல்கலைன் பேட்டரியைக் கருவிக்குள்ளேயே விட்டுவைத்தால் நாளடைவில் கசிந்து கருவியையே தின்றுவிடும். கழற்றி, பக்கத்திலேயே ஒரு ஜிப் பையில் வைத்தால் போதும். பவர் பேங்க்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். அதற்கான கேபிளும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கேபிளுக்குக் கால் முளைத்துவிடும்.

கத்தி, மல்டி டூல், தீக்கல், கயிற்று வளையல். ஆண்களாகிய நாம் இவற்றில் பணத்தைக் கொட்டுவோம். நான் தீக்கல்லால் இதுவரை ஒரு தடவைகூடத் தீ மூட்டியதில்லை. மூக்குக்கண்ணாடியில் இன்னொரு ஜோடி வைத்திருக்கிறீர்களா?

நெருப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புயலன்று ஜன்னல் கதவுகளை இறுக்கி அடைத்திருப்போம். அந்த வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் ஜெனரேட்டர் ஓட்டுவதும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து அப்படியே ஆளை முடித்துவிடும். வீட்டு அடுக்கில் சமைக்காமல் சாப்பிடக்கூடியவை முதல் ஒரு நாளுக்காவது இருக்கட்டும். டின்னைத் திறக்கும் கருவியும் கூடவே.

‘கிளாஸ்’ என்ற புயல் எச்சரிக்கை எண்களை நம்பித் தள்ளிப்போடுவது இன்னொரு பழக்கம். பெலால் வந்தபோது இருந்த முறைப்படி, கிளாஸ் 1 என்பது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்றால் அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால் தரப்படுவது. அந்த வேகம் உண்மையிலேயே பதிவாகி, தொடரும் என்றால் கிளாஸ் 4. எல்லோரும் கிளாஸ் 2 வரும்வரை சும்மா இருந்துவிட்டு, ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் ஒரே நேரத்தில் கடைக்கு ஓடுவோம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கணக்கு காற்றைப் பற்றியது. மழை கிளாஸ் பார்த்துப் பெய்வதில்லை. 2013 மார்ச் 30 சனிக்கிழமை போர்ட் லூயிஸில் வெள்ளம் வந்தபோது எந்தப் புயல் எச்சரிக்கையும் இல்லை. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் சிலர் கோடான் சுரங்கப் பாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும். அங்கே எந்தப் பையும் உதவியிருக்காது. கனமழையில் தாழ்வான வழியில் இறங்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்ற அறிவும் முதல் அடுக்கில் சேர வேண்டியதுதான், அதற்கு எடை கிடையாது.

மலை ஏறும்போது இதே அடுக்குகள்தான், கொஞ்சம் தடித்திருக்கும். லெ பூஸ் 812 மீட்டர், கோர் த கார்த் 720 மீட்டர். “குட்டி மலைதானே, ரெண்டு மணி நேரத்தில் வந்துடலாம்” என்று ரப்பர் செருப்போடு கிளம்புகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கலாம். ஜூனில் இங்கே மாலை ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், அந்திப் பொழுது நீளாது. மதியம் போகிற நடைக்கும் தலையில் மாட்டும் டார்ச் வேண்டும். கையில் பிடிக்கும் டார்ச் இறக்கத்தில் ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உச்சிக் காற்றில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். உதவி வேண்டுமென்றால் விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். ஆற்றில் நீர் கூடினால் கடக்காமல் இந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கவலை தீர்ந்தது. எண்கள்: போலீஸ் 999 அல்லது 112, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115. காகிதத்தில் இவையும் இருக்கட்டும்.

மலையிலிருந்து வந்த பிறகுதான் யாரும் கவனிக்காத தவறு நடக்கிறது. நடைக்காகத் தினசரிப் பையிலிருந்து எடுத்த ரெயின்கோட் துவைக்கப் போகும், வீட்டு அடுக்கிலிருந்து எடுத்த டார்ச் மலைப் பையிலேயே தங்கிவிடும். அடுத்த வாரம் மின்சாரம் போகும். ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கிடம் கடன் வாங்கினால் அன்றைக்கே திருப்பிவிட வேண்டும். முடிந்தால் கடனே வேண்டாம், மலிவானதாக இன்னொன்று வாங்கிவிடலாம்.

மொரிஷியஸில் புயல் பருவம் நவம்பர் 1 முதல் மே 15 வரை. தீபாவளிக்கு எப்படியும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்கிறோம். அன்றே டின்களின் தேதி, மருந்து, பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். போன தீபாவளிக்குப் பார்த்தபோது பையனுக்காக எடுத்துவைத்த காலணி இரண்டு அளவு சின்னதாகியிருந்தது. தேதி நெருங்கிய டின் மீன் அன்று இரவே குழம்பாகிவிட்டது.

அந்த 14 கிலோப் பை இன்னும் அலமாரியின் மேல் தட்டில்தான் இருக்கிறது. இப்போது அதில் அம்மாவின் குளிர்காலப் போர்வைகள்.