டாப் 3 கூட்டுத்தொகை ஏன் தப்பாக வருகிறது?

ஒரு மளிகை மொத்த வியாபாரியின் ஆண்டு விற்பனை இது என்று வைத்துக்கொள்வோம், எல்லாம் லட்சத்தில்: அரிசி 42, எண்ணெய் 31, பருப்பு 27, மாவு 18, சோப்பு 16, பிஸ்கட் 16. மொத்தம் 150. முதல் மூன்று வகை சேர்ந்து எவ்வளவு? 100. மனக்கணக்கிலேயே வந்துவிடும். இதையே மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ-யில் போட்டவர்கள் பலருக்கு டோட்டல் வரியில் 150 வந்து நிற்கும்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? ரேங்க்எக்ஸ் என்ற ஃபங்ஷனை வைத்து வகைகளுக்கு ரேங்க் போட்டு, ‘ரேங்க் 3-க்குள் இருந்தால் விற்பனையைக் காட்டு, இல்லையென்றால் காலியாக விடு’ என்று ஒரு மெஷர் (கணக்கீட்டுச் சூத்திரம்) எழுதுகிறோம். வரிகளில் 42, 31, 27 என்று ஒழுங்காகத்தான் வரும். ஆனால் டோட்டல் வரி மேலே இருக்கிற எண்களைக் கூட்டுவதில்லை. எந்த வகையும் குறிப்பிடாமல் அதே மெஷரை இன்னொரு முறை கணக்கிடுகிறது. அங்கே விற்பனை 150. அதை அரிசியின் 42-உடன் ஒப்பிட்டால் 150-க்குத்தானே முதலிடம்? ரேங்க் 1, நிபந்தனை பாஸ். எக்செல்லில் வளர்ந்த நமக்கு டோட்டல் என்றாலே கூட்டல்தான், அதனால் இது லேசில் கண்ணில் படாது. சம்எக்ஸ் போட்டு வகை வகையாக நிபந்தனையைச் சோதித்துக் கூட்டச் சொன்னால் 100 வரும்.

முதல் சில வகைகளை மட்டும் எடுக்கும் டாப்என்-ஐ, வடிகட்டியை மாற்றிக் கணக்கிடும் கால்குலேட்டுக்குள் வைப்பது இன்னொரு வழி. அதில் ‘ஆல்’ (வடிகட்டியைப் பார்க்காமல் எல்லா வகைகளும்) மட்டும் போட்டால் டோட்டல் சரியாகிவிடும். ஆனால் பிஸ்கட் உட்பட ஒவ்வொரு வரியிலும் 100 என்றே வரும்! அந்தந்த வரியின் வடிகட்டியையும் விடாமல் வைத்திருக்கும் கீப்ஃபில்டர்ஸ் சேர்த்தால் அது தீரும். அப்புறம், யாராவது ஸ்லைசரில் (வகைகளைத் தேர்வு செய்யும் பெட்டி) அரிசியை நீக்கினாலும் ‘ஆல்’ அரிசியை முதலிடத்திலேயே வைத்திருக்கும். எண்ணெயும் பருப்பும் மட்டும் சேர்ந்து 58 வரும். ஸ்லைசரில் தேர்ந்த வகைகளை மட்டும் எடுக்கும் ஆல்செலக்டெட் என்றால் மாவு உள்ளே வந்து 76.

சரி, டாப் 5 கேட்டால்? சோப்பும் பிஸ்கட்டும் சமம். டாப்என் இரண்டையும் சேர்த்து ஆறு வகைகளைத் தரும், விடை 150. எக்செல்லில் வகைவாரித் தொகைகளின் மேல் லார்ஜ் (பெரிய எண்களை வரிசையாக எடுக்கும் ஃபங்ஷன்) போட்டுக் கூட்டினால் ஐந்து எண்கள் மட்டும், 134. இரண்டு அறிக்கையும் ஒரே கூட்டத்தில் மேசைக்கு வந்தால் சங்கடம்தான். டாப்என்னில் வகையின் பெயரை இரண்டாவது வரிசைமுறையாகக் கொடுத்தால் ஐந்தோடு நிற்கும். லார்ஜை நேரடியாக பில் வரிகளின் மேல் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது பெரிய பில்கள்; பெரிய வகைகள் அல்ல.

எக்செல்லின் சாதாரண பிவட் டேபிளில் (தொகுப்பு அட்டவணை) டாப் 3 வடிகட்டினால் டோட்டல் 100 என்று சரியாகவே வரும். சதவீதம்தான் ஏமாற்றும். மறைந்த வகைகள் கணக்கிலேயே இல்லாததால் அரிசியின் பங்கு 42% என்று காட்டும். உண்மையில் அது 28%.

வாடிக்கையாளர் எண்ணிக்கையில் மட்டும் மேலே சொன்ன சம்எக்ஸ் கூட்டல் வேலைக்கு ஆகாது. அரிசியும் எண்ணெயும் வாங்கியவர் இரண்டிலும் இருப்பார், கூட்டினால் இரண்டு ஆளாகிவிடுவார். அங்கே முதல் மூன்று வகைகளைப் பிடித்துவிட்டு, ஆட்களை ஒரே தடவையில் எண்ணச் சொல்ல வேண்டும்.