ஸ்டாண்ட்-அப் காமெடி ரசிகருக்கு இன்னொரு பதிவைக் கைகாட்டுவது எப்படி

பத்துப் பெயர்களை வரிசையாக அனுப்பினால் எதையும் பார்க்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று போதும். எங்கே, யாரோடு, காதால் கேட்கப் போகிறாரா கண்ணால் பார்க்கப் போகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

பேருந்துப் பயணத்தில் கேட்க அமெரிக்க நகைச்சுவையாளர் பாப் நியூஹார்ட் 1960-இல் வெளியிட்ட 'தி பட்டன்-டவுன் மைண்ட்' ஒலித்தொகுப்பு. தொலைபேசி உரையாடலில் ஒரு பக்கத்தை மட்டும் பேசுவார். மறுமுனையை நாமே கற்பனை செய்துகொள்வதில்தான் சிரிப்பு. அதனால் படம் தேவையே இல்லை. இன்னொரு அமெரிக்க நகைச்சுவையாளர் ரிச்சர்ட் பிரையரின் 1979 மேடைப் படம் 'லைவ் இன் கான்சர்ட்' நேரெதிர். மாரடைப்பு வந்ததை உடம்பாலேயே நடித்துக் காட்டுவார். ஒலியை மட்டும் கேட்டால் பாதி போய்விடும். கெட்ட வார்த்தைகளும் ஏராளம், கூடத்தில் அப்பா அம்மாவோடு போட்டுவிடாதீர்கள்!

தமிழில் தொடங்குபவருக்கு அலெக்சாண்டர் பாபு பாட்டும் நகைச்சுவையும் கலந்து தந்த 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' (2019). திரைப்பாட்டோடு பழகிய காது என்றால் பாதி வேலை முடிந்தது. பழைய பாட்டே தெரியாதவருக்கு இதைத் தராதீர்கள்.

பெரும்பாலும் சொதப்புவது இரண்டு இடத்தில். ஒன்று, ஒரு நிமிடத் துண்டை அனுப்புவது: முன்பு விதையாகப் போட்ட ஒரு வரி பின்னால் திரும்பி வரும்போதுதான் சிரிப்பு வெடிக்கும், துண்டில் விதையே இருக்காது. இன்னொன்று, 'விழுந்து விழுந்து சிரிப்பாய்' என்று ஏற்றிவிடுவது. 'இருபது நிமிடம் பார், பிடிக்காவிட்டால் நிறுத்து' என்றால் போதும். நகைச்சுவையை நீங்களே சொல்லிக்காட்டவும் வேண்டாம்.