கெயினைக் குறைத்தால்தான் கனம் வரும்: ஹெவி கிட்டார் ரெக்கார்டிங்குக்கு ஆம்ப் அமைக்கும் முறை

வீட்டு அறையில் ஹெவி கிட்டார் பதிவு செய்யத் தொடங்கும் எல்லாரும் சொல்லும் புகார் இது: "ஆம்ப்ல கேட்டா செமயா இருக்கு, ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா டப்பாக்குள்ள வண்டைப் போட்டு அடைச்ச மாதிரி இருக்கு." பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கெயின், அதாவது ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனின் அளவு, அதிகம்.

கெயினைக் கூட்டும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை. ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்'கும் அதற்குப் பின் நீளும் ஒலியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. நேரில் வாசிக்கும்போது ஸ்பீக்கர் தள்ளும் காற்று நெஞ்சில் இடிப்பதால் இந்தக் குறை தெரியாது. பதிவில் அந்த இடி கிடையாது. அங்கே கனத்தைச் சொல்வது அந்த 'டக்' மட்டும்தான். ஜூன் 21 உலக இசை நாளுக்குப் புதுச்சேரித் தெருவில் வாசித்த செட்டிங்கை அப்படியே ரெக்கார்டிங்குக்குக் கொண்டுவந்தால் சொதப்புவது இதனால்தான்.

படி 1: கம்பி, கரண்ட், ஃபேன்

கடற்காற்று படும் ஊரில் கம்பி சீக்கிரம் கறுத்து மந்தமாகிவிடும். மந்தமான கம்பியில் தெளிவு இருக்காது; அதை ஈடுகட்டக் கை தானாகக் கெயின் நாபுக்குப் போகும். பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு, டியூன் செய்து வையுங்கள். சாதாரண டியூனிங்குக்கு 10-46 செட் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதும். ஆறாம் கம்பியை மட்டும் டி சுரத்துக்கு இறக்கும் டிராப் டி-க்கு அடிக்கம்பி தடித்த 10-52 செட் நல்லது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது இரைச்சல். கெயின், இசையைப் பெருக்கும் அதே அளவுக்கு இரைச்சலையும் பெருக்கும். தாழ்ந்த 'ம்ம்ம்' என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், போய்விட்டால் காரணம் கிரவுண்ட் லூப் (கருவிகள் இரண்டு வழியாக எர்த்தோடு இணைவதால் வரும் கோளாறு). கூர்மையான 'ஸ்ஸ்ர்ர்' என்று வந்தால் சீலிங் ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும். மே மாதத்தில் அது கொடுமைதான், ஆனால் ஒரு டேக்குக்கு ஐந்து நிமிடம் போதும். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கிட்டார் கம்பியைத் தொடும் கையில் ஷாக் அடிக்கும்.

படி 2: இன்டர்ஃபேஸ் லெவல்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருக்கும் கெயின் வேறு, ஆம்ப்பின் கெயின் வேறு. முன்னது பதிவின் அளவைத் தீர்மானிக்கிறது, பின்னது டிஸ்டார்ஷனை. கிட்டாரை நேரடியாகச் சொருகினால் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) பொத்தானை அழுத்துங்கள். லைன் உள்ளீட்டில் சொருகினால் ஒலி மங்கி மெலிந்துபோகும். கிட்டார் வால்யூமை 10-ல் வைத்து, பாடலில் வரும் மிகப் பலமான அடியை அடியுங்கள். மீட்டர் உச்சம் -12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும், -6-ஐத் தாண்ட வேண்டாம். 24 பிட் பதிவில் இதற்கு மேல் ஏற்றி ஒரு லாபமும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் வருவது ஆம்ப் டிஸ்டார்ஷன் அல்ல, டிஜிட்டல் கிழிசல். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

கம்ப்யூட்டரில் ஆம்ப் சிம் (ஆம்ப்பைப் போல ஒலிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்களா? இன்டர்ஃபேஸ் கெயினை 6 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் சிம்மிலும் டிஸ்டார்ஷன் கூடும். அதனால் இந்தப் படியை முடித்தபின் அந்த நாபைத் தொடாதீர்கள்.

நிஜ வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் கேபினெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் சொருகுவதும் கூடாது.

படி 3: கெயினைக் கீழிருந்து ஏற்றுங்கள்

பேஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (நடு ஒலி), டிரெபிள் (உயர்ந்த ஒலி) நாப்கள் மூன்றும் நடுவில். ரிவெர்ப், டிலே அணைத்துவிடுங்கள். கெயின் பூஜ்யம். பிரிட்ஜ் பிக்கப். மேலிருந்து குறைத்துக்கொண்டு வராதீர்கள். அதிகக் கெயினுக்குப் பழகிய காதுக்கு எவ்வளவு குறைத்தாலும் ஏதோ பறிபோன மாதிரியே இருக்கும்.

ஆறாம் கம்பியில் உள்ளங்கை விளிம்பை பிரிட்ஜ் மேல் வைத்து பாம் மியூட் அடியுங்கள்: டக், டக், டக்-டக். கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதலில் வெறும் கட்டை மாதிரி கேட்கும். பிறகு ஒரு கரகரப்பு சேரும். அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே இருந்த மௌனம் நிரம்பத் தொடங்கும். 'டக்' என்பது 'டுஃப்' ஆகும். அங்கே நிறுத்தி, கால் சுற்றில் பாதி பின்னே வாருங்கள். பல ஹை கெயின் ஆம்ப்களில் இது, நாபைக் கடிகார முள்ளாக நினைத்தால், 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் விழும். ஆனால் நாபின் எண்ணை நம்பாதீர்கள். ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும்.

இரண்டாவது சோதனை: பவர் கார்டை (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த கார்டு) விட்டுவிட்டு, ஐந்தாம் கம்பி மூன்றாம் கட்டையில் (ஃபிரெட்) சி, நான்காம் கம்பி இரண்டாம் கட்டையில் இ, இரண்டையும் சேர்த்து அடியுங்கள். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்களும் உரசிப் புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். பவர் கார்டில் அவை இசைவாக விழுவதால் தெரியாது, இங்கே தெரிந்துவிடும். இரண்டு சுரமும் தனித்தனியே கேட்டால் சரி. ஒரே சேறாகக் கேட்டால் இன்னும் குறையுங்கள்.

ஒப்பிடும்போது மாஸ்டர் வால்யூமைச் சமன்செய்வது முக்கியம். சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகவே படும். கெயின் நம்மை ஏமாற்றுவது இந்த வழியில்தான்.

கெயின் குறைந்ததால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மெலிவாகத் தோன்றினால், ஆம்ப்புக்கு முன் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை வையுங்கள்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில். டிஸ்டார்ஷனுக்கு முன்பே தாழ்ந்த ஒலியைக் கட்டுப்படுத்துவதால் பாம் மியூட் இறுகும். இதைச் சேர்த்தபின் ஆம்ப் கெயினை இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

படி 4: மிட்டை வெட்டாதீர்கள்

தனியாகக் கேட்கும்போது மிட்டைக் குறைத்தால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் வந்ததும் கிட்டார் காணாமல் போகும். மிட் 5 முதல் 6, பேஸ் 4, டிரெபிள் 5-ல் தொடங்குங்கள்.

படி 5: மைக்

ஷூர் எஸ்.எம். 57 போன்ற டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி வையுங்கள். நடு மூடியின் மையத்தில் வைத்தால் காதைக் கிழிக்கும், ஓரத்துக்குப் போனால் மங்கும். மூடியின் விளிம்பு நல்ல தொடக்கம். ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே டோன் மாறும். ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்துங்கள். ஆம்ப் சிம்மில் இதே வேலையை கேபினெட் ஐ.ஆர். (ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த ஒலித் தன்மையைப் பதிந்துவைத்த) கோப்பு செய்கிறது.

படி 6: இரண்டு முறை வாசியுங்கள்

கெயின் தரும் என்று நினைத்த பருமன் நிஜத்தில் வருவது இங்கேதான். அதே ரிஃபை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது பக்கம் தள்ளுங்கள். ஒரே டேக்கைக் காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது நடுவில் நிற்கும் ஒரே கிட்டாராகத்தான் கேட்கும். இரண்டும் நேரம் பிசகாமல் சேர வேண்டும். டேக்குகள் அடுக்க அடுக்க டிஸ்டார்ஷனும் சேர்ந்துகொள்வதால், நான்கு டிராக் வைத்தால் கெயினை இன்னும் இறக்குங்கள்.

படி 7: பேஸ் கிட்டாரோடு கேளுங்கள்

தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80-100 ஹெர்ட்ஸில் வையுங்கள். சாதாரண டியூனிங்கில் ஆறாம் கம்பியின் அடிச்சுரம் சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரிய இடம். மேலே 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம், உயர்ந்த ஒலியை வெட்டும் லோ பாஸ் வைத்தால் பிசிறு அடங்கும். மந்தம் 200-400 ஹெர்ட்ஸில் தங்கும். 2-3 டெசிபெல்லுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் கோளாறு ஈக்யூவில் இல்லை, படி 3-க்குத் திரும்புங்கள். நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் கருவி) வைப்பவர்கள், நீளும் கடைசி கார்டின் வால் வெட்டுப்படுகிறதா என்று ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அடுத்த டேக்குக்குப் போக வேண்டும்.