இண்டி 500: முதல்முறை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இடது பக்கமே திரும்பித் திரும்பி 200 சுற்று, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள் பலர் இண்டியானாபொலிஸ் 500 பற்றி இப்படித்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய கார் பந்தயம், 33 கார்கள், 500 மைல். அதை ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

அந்தத் தடம் வட்டமே கிடையாது. மூலைகள் வளைந்த நீள்சதுரம். ஒரு சுற்று 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர். நான்கு வளைவுகளிலும் சாய்வு 9 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்னொரு அமெரிக்கத் தடமான டேடோனாவில் அது 31 டிகிரி. சாய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால், மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வரும் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் காற்றுதான். முன்னால் இன்னொரு கார் போனால் அந்தக் காற்று கலைந்துவிடும். வளைவில் காரின் மூக்கு சுவர்ப்பக்கம் நழுவத் தொடங்கும். காற்றடிக்கும் திசை மாறினால் அதே வளைவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓட்டுநர் காரின் சமநிலையை உள்ளிருந்தபடியே சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டிருப்பார். காருக்குள்ளிருந்து காட்டும்போது அவர் கைகளைக் கவனியுங்கள்.

பின்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது சாலையில் கற்கும் பாடம். இங்கே அதுவே ஆபத்தாக முடியலாம். டயர்கள் திடீரெனப் பிடித்துக்கொண்டால் கார் வலது பக்கம் பாய்ந்து நேரே சுவரில் மோதும். 2017 தகுதிச்சுற்றில் இரண்டாம் வளைவில் ஓட்டுநர் செபாஸ்டியன் பூர்டேவுக்கு நடந்தது இதுதான். இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் பந்தயங்களை இழந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு "சும்மா இடது பக்கம் திருப்புகிறார்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை.

அடுத்த தவறு, தொடக்கத்தில் முதலில் போகிறவரை வைத்து முடிவைக் கணிப்பது. முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழித்துப் போகிறார், அதனால் எரிபொருளும் அவருக்கே அதிகம் செலவாகும். பின்னால் ஒட்டி வருகிறவர்கள் மிச்சம் பிடித்துக்கொண்டே வருவார்கள். டேங்க் கொள்ளளவு 18.5 கேலன், சுமார் 70 லிட்டர். ஒரு தடவை நிரப்பினால் முப்பது சுற்றுகளை ஒட்டித்தான் ஓடும். 2016இல் அறிமுக ஓட்டுநர் அலெக்சாண்டர் ரோசி கடைசி டேங்கை 36 சுற்றுகளுக்கு இழுத்தார். அவரைவிட வேகமாக ஓடியவர்கள் எரிபொருளுக்காக பிட்டுக்குள் (எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நிறுத்துமிடம்) போக, இவர் கிட்டத்தட்ட காலி டேங்கோடு உருண்டு வந்து கோட்டைத் தாண்டினார். காரைக் கட்டி இழுத்துத்தான் வெற்றி மேடைக்குக் கொண்டுபோனார்கள். அதை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகத் துல்லியமான ஓட்டம்.

விபத்து போன்ற காரணத்தால் எல்லோரையும் மெதுவாக வரிசையில் போகச் சொல்லும் மஞ்சள் கொடி வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பந்தயம் தலைகீழாவது பெரும்பாலும் அப்போதுதான். முழு வேகத்தில் ஒரு சுற்றுக்கு 40 விநாடி போதும் என்பதால், பச்சைக் கொடியின்போது, அதாவது பந்தயம் தடையின்றி ஓடும்போது, பிட்டுக்குள் போகிறவர் ஏறக்குறைய ஒரு சுற்றையே இழக்கிறார். அவர் உள்ளே போன நேரம் பார்த்து மஞ்சள் வந்தால் அவருடைய கணக்கு போச்சு. பிட்டுக்குப் போகாமல் காத்திருந்தவருக்கு அது யோகம், மற்றவர்கள் மெதுவாகப் போகும்போதே அவர் போய் வந்துவிடலாம்.

தகுதிச்சுற்றைத் தவறவிடுவதும் பெரிய இழப்பு. நான்கு சுற்றுகளின் சராசரி வேகம்தான் கணக்கு, இடம் 33 பேருக்கு மட்டும். பெயரும் புகழும் அங்கே உதவாது. இரண்டு முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ 2019இல் தகுதிபெறாமல் வெளியேறினார். கடைசி இடத்தைப் பிடித்தது ஹுங்கோஸ் என்ற சின்ன அணியின் கைல் கைசர். 1994இல் வென்ற பென்ஸ்கி அணியால் 1995இல் ஒரு காரைக்கூடத் தகுதிபெற வைக்க முடியவில்லை.

மழை பெய்தால் ஓட்டமாட்டார்கள். பாதித் தூரம் தாண்டியிருந்தால் அங்கேயே முடிவை அறிவிக்கலாம். 2007இல் டாரியோ ஃபிராங்கிட்டி 166 சுற்றிலேயே வென்றது அப்படித்தான். எனவே வானம் கறுத்தால் 101ஆம் சுற்றிலிருந்தே எல்லோரும் இதுதான் கடைசிச் சுற்று என்பது போல ஓட்டுவார்கள்.

கடைசிச் சுற்றில் முதலில் இருந்தால் வெற்றி உறுதி என்றும் நினைக்க வேண்டாம். 2011இல் ஜே.ஆர். ஹில்டிபிராண்ட் கடைசி வளைவில் சுவரில் மோதினார், டான் வெல்டன் தாண்டிப் போய் வென்றார். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஜோசஃப் நியூகார்டன் கடைசிச் சுற்றில்தான் முன்னால் இருந்தவரைத் தாண்டினார்.

மே மாதக் கடைசியில், இந்திய நேரப்படி ஞாயிறு இரவு 10 மணிக்கு மேல் பந்தயம் தொடங்கும். முழுவதும் விழித்திருக்க முடியாது என்றால் முதல் நூறு சுற்றை விட்டுவிடுங்கள், பரவாயில்லை. 150ஆம் சுற்று வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், அப்போது கட்டாயம் டிவி முன்னால் இருங்கள்.