புளி குடோனில் கிடந்த 'முஸ்தபா' பெட்டியை ஓட வைப்பது எப்படி?

பாலக்கோட்டில் மாமா வைத்திருந்த வீடியோ கேம் கடையை மூடியபோது ஒரே ஒரு பெட்டியை மட்டும் விற்க மனசில்லாமல் புளி குடோனில் போட்டுவிட்டார். பதினாலு வருஷம் கழித்து, போன தை மாதம் வெளியே இழுத்தேன். உள்ளே 1993-ல் கேப்காம் கம்பெனி கொண்டுவந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' கேம். அந்தப் பெயரை நம் ஊரில் யார் சொன்னார்கள்? அதில் வரும் வீரன் பெயரால் 'முஸ்தபா' என்றால்தான் தெரியும்.

1. ப்ளக்கைச் சொருகாதீர்கள்

ஆசையாகத்தான் இருக்கும். பின்கதவை முதலில் திறங்கள். எனக்கு உள்ளே அரைப்படி புளியங்கொட்டையும், எலி கடித்துச் செம்பு தெரிந்த மெயின் ஒயரும் கிடைத்தன. அப்படியே சுவிட்சைப் போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஒயரை மாற்றுங்கள், தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

2. பிக்சர் டியூப்

ஓடும்போது இதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் மிச்சம் தங்கும், அதை முதலில் வெளியேற்ற வேண்டும். நீள ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் எர்த் கம்பியில் மாட்டுங்கள். பிறகு டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை நுழையுங்கள். 'டப்' என்று கேட்டாலும் கேட்காவிட்டாலும் சிறிது நேரம் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த டிவி மெக்கானிக் அண்ணன், "இன்னொரு கையை பாக்கெட்ல வெச்சிக்க தம்பி" என்று மூன்று தடவை சொன்னார். பயமாக இருந்தால் இந்த வேலையை அவர் மாதிரி ஆளிடமே விட்டுவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

3. சீரிஸ் பல்பு

புதுசாக என்னென்னவோ கருவி விற்கிறார்கள். எனக்கு, கரண்ட் ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பைக் கடந்து போகும்படி மாட்டிய சீரிஸ் போர்டு போதும். கேம் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு (கேம் போர்டுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டைத் தரும் சப்ளை) மட்டும் அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். சில எஸ்.எம்.பி.எஸ். லோடு இல்லாமல் வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. 5 வோல்ட் லைனில் ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை மாட்டிக்கொள்ளுங்கள்.

4. ஜம்மா கனெக்டர் (என்னை இரண்டு வாரம் அழவைத்தது)

கேம் போர்டைப் பெட்டியின் ஒயர்களோடு இணைக்கும் பொதுவான கனெக்டர்தான் ஜம்மா. சப்ளையில் 5.05 வோல்ட். போர்டைச் சொருகினால் படம் வந்து வந்து ரீசெட் ஆனது. சப்ளையின் திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றாதீர்கள். மீட்டரின் முனையைப் போர்டின் மேலேயே வைத்துப் பாருங்கள். எனக்கு அங்கே 4.58தான். மீதி கனெக்டரில் தொலைந்திருந்தது. 5 வோல்ட் பின் ஒன்று கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

போர்டின் விளிம்பைப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கனெக்டர் தேறவில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் புதுசு வாங்கி வந்தேன். 56 பின், பக்கத்துக்கு 28. ஒரு பக்கத்துக்கு எண், மறு பக்கத்துக்கு ஆங்கில எழுத்து.

இங்கேதான் விழுந்தேன். ஏ, பி, சி என்று விரல்விட்டு எண்ணி ராத்திரி ஒரு மணி வரை சால்டர் வைத்தேன். படம் வந்தது, ஆனால் கிழிந்த துணி மாதிரி சரிந்து ஓடியது. பச்சை நிறமே இல்லை. இரண்டாவது ஆட்டக்காரரின் பட்டனும் வேலை செய்யவில்லை. ஜம்மாவின் எழுத்து வரிசையில் ஜி, ஐ, ஓ, கியூ நான்கும் கிடையாது! எஃப்-க்கு அடுத்தது எச். நான் ஜி-யை எண்ணிவிட்டதால் அதற்கப்புறம் எல்லாமே தள்ளிப்போனது. 5 வோல்ட் ஒயர்கள் அதற்கு முன்னாலேயே இருப்பதால் போர்டு பிழைத்தது. அத்தனையையும் பிடுங்கி மறுபடி வைத்தேன்.

ஏழாவது இடத்தில் (மறுபக்கம் எச்) ஒயர் வராது, அங்கே 'சாவி' என்கிற சின்னத் தடுப்பு இருக்கும், போர்டில் அதற்கேற்ற வெட்டு இருக்கும். போர்டைத் தலைகீழாகச் சொருகாமல் தடுப்பது அதுதான். அசலைப் பார்த்துச் செய்த காப்பி போர்டுகளில் அந்த வெட்டு இல்லாமலும் இருக்கலாம். கனெக்டரில் மார்க்கர் பேனாவால் 'மேல்' என்று எழுதிவிடுங்கள்.

5. மற்றவை

ஜாய்ஸ்டிக், பட்டன் மைக்ரோசுவிட்சுகளைச் சுத்தம் செய்து மெனக்கெடாதீர்கள். மலிவு, மாற்றிவிடுங்கள். டியூபை எடுத்துவிட்டு எல்.சி.டி. வைக்கலாமா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

பிற்சேர்க்கை 1: ஒசூர் நண்பர் ஒருவர் தன்னுடைய போர்டில் பேட்டரி இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் அது அசல் போர்டு. சத்தத்துக்கான புரோகிராமைத் திறக்கும் ரகசியக் குறியீடு அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. யோசிக்காமல் கழற்றிவிடாதீர்கள். என்னுடையது காப்பி, பேட்டரியே இல்லை.

பிற்சேர்க்கை 2: "எல்லாம் சரி, காசு போட்டால் கீழே விழுந்துவிடுகிறது" என்று இரண்டு பேர். நீங்கள் போடுவது 2011-ல் வந்த 22 மி.மீ. ரூபாய். பெட்டியின் வாய் பழைய 25 மி.மீ. காசுக்கு அளவெடுத்தது. அத்தையின் உண்டியலில் எனக்கு நாற்பத்து மூன்று கிடைத்தது. தீர்ந்ததும் கதவைத் திறந்து அதே காசை அள்ளி மறுபடி போடுகிறோம்.