சூப்பர்சார்ஜர் கிட் வாங்கும் முன்

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் கிட்டை வாங்க நினைப்பவர்கள், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்பதற்கு முன், வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரைத் தாண்டுவதற்குத் தேவையான இழுவிசையை இரண்டு திருகுகள் சுழன்று காற்றை அழுத்தும் ட்வின் ஸ்க்ரூ வகை, எஞ்சின் குறைந்த வேகத்தில் சுழலும்போதே தந்துவிடும், விசிறி போன்ற சக்கரத்தால் காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் வகையோ எஞ்சின் வேகம் ஏற ஏறத்தான் அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தப்படும் காற்று சூடேறி, எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங்கை உண்டாக்கும் என்பதால், சித்திரை வெயிலை நினைத்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரின் மடிப்புகளில் நெல் சுணை அப்பிக்கொள்ளும். ஆகவே ஃபில்டரை எளிதாகக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.