கொல்லிமலையும் மாமியாரின் நீராகாரமும்

போன மே மாதம் பிள்ளைகளைச் சேந்தமங்கலத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குச் சைக்கிள் மிதித்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். 31-வதில் என் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். நான் நொண்டியபடி கீழே இறங்கினேன், குரங்குகள் வேடிக்கை பார்க்க.

“வெறும் தண்ணியா குடிச்சா எப்படி மாப்பிள்ளை?” என்றார் மாமியார். நியாயம்தான். 3 லிட்டர் தண்ணீர் குடித்தும், வியர்வையில் போன உப்புக்கு ஈடாக ஒன்றும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் கிளம்பும் முன் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு. பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்து ஒருமுறை வயிறு கெட்டது தனிக்கதை. அப்புறம், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லிலிருந்து 34-க்கு மாற்றினேன். மிதிப்பது லேசானது. வெயிலுக்கு முன்பே, விடியலில் தொடங்கினோம்.

52-வது வளைவில் கால் லேசாக இழுத்தது. நின்று, நீவிவிட்டு, மறுபடி ஏறினேன். உப்பா, பல்சக்கரமா, எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மலைமேல் உள்ள செம்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி இரண்டாவது டீயில் இருந்தாள்.